பஞ்சப்பூர் டவுன் பஸ்கள் புத்தூர் ஜிஎச் வழியாகப் போகவேண்டுமா?

துவரங்குறிச்சியான்:
திருச்சி சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடிய வெளியூர் பஸ்கள் 2025 ஜூலையில் இருந்து பஞ்சப்பூர் புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓடுகின்றன. சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு பக்கம் நெரிசல் குறைந்தது நல்ல விஷயம்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. சிரமம் மதுரை ரோட்டுக்காரர்களுக்கு. துவரங்குறிச்சி, விராலிமலை பக்கத்திலிருந்து புத்தூர் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு (ஜிஎச்) வருகிறவர்கள் முன்பு சென்ட்ரலில் இறங்குவார்கள். அங்கிருந்து ஆஸ்பத்திரி சுமார் 2 கிலோமீட்டர்தான். இப்போது பஞ்சப்பூரிலேயே இறங்கிவிட வேண்டியிருக்கிறது. அங்கே ஏறும் டவுன் பஸ் பெரும்பாலும் எடமலைப்பட்டிபுதூர், சென்ட்ரல், பாலக்கரை என்று சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடுகிறது. ஆக, சென்ட்ரலில் மறுபடி இறங்கி மூன்றாவது பஸ் பிடிக்கவேண்டும். ஒவ்வொரு பஸ்ஸிலும் தனி டிக்கெட்.

பஞ்சப்பூர் – சத்திரம் அரசு டவுன் பஸ்களில் மூன்றில் ஒன்றைக் காலை 6 மணியிலிருந்து 1 மணி வரை புத்தூர், தில்லைநகர் வழியாகத் திருப்பிவிடச் சொல்லி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் நடக்கவேண்டும். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

உறையூர்க்காரி:
நோக்கம் நல்லது, வழி சரியில்லை. மூன்றில் ஒன்றைத் திருப்பினால் பாலக்கரைக்கும் காந்தி மார்க்கெட்டுக்கும் போகிறவர்களுக்கு அத்தனை பஸ் குறையும். அவர்களில் விடிகாலையில் கூடை தூக்கிக்கொண்டு வரும் வியாபாரப் பெண்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கு இலவசப் பயணம் அரசு டவுன் பஸ்ஸில் மட்டும்தான். தனியார் பஸ்ஸில் காசு கொடுக்கவேண்டும். இந்த ஊரில் ஓடும் டவுன் பஸ்களில் தனியார் பஸ் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். அப்புறம் புத்தூர் நால்ரோடு. பிஷப் ஹீபர் கல்லூரி, பள்ளிகள், வயலூர் பஸ்கள் எல்லாம் சேர்ந்து காலை எட்டரைக்கு அங்கே ஏற்கெனவே நகர முடிவதில்லை. அந்த நெரிசலுக்குள்தான் 108 வண்டியும் வரவேண்டும்.

புதுசாக பஸ் கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். இருப்பதைப் பிரித்துக் கேட்டால், கடைசியில் உறையூர் பஸ்ஸைத்தான் பிடுங்கிக் கொடுப்பார்கள்.

டவுன்பஸ் கண்டக்டர்:
தனியார் டவுன் பஸ்ஸில் வேலை பார்க்கிறவன். நடைமுறையைச் சொல்கிறேன். வழித்தடம் என்பது பர்மிட்டோடு வருவது. மோட்டார் வாகனச் சட்டம் 80-ஆவது பிரிவின்படி வட்டாரப் போக்குவரத்து ஆணையத்திடம் மாறுதல் வாங்காமல் ஒரு தெரு தள்ளிக்கூடப் போகமுடியாது. டைமிங்கும் அப்படித்தான். எனக்கு முன்னால் போகிற வண்டிக்கும் எனக்கும் சில நிமிடம்தான் இடைவெளி. நடுவில் ஒரு வண்டி எடுபட்டால் பின்னால் வருகிறவர் பிரச்சினை செய்வார், கேஸ் போகும். அரசு பஸ் பாலக்கரையை விட்டு நகர்ந்தால் எங்கள் கலெக்‌ஷன் கூடும் என்பது உண்மை. இருந்தாலும் நான் அதற்காகப் பேசவில்லை.

என் யோசனை வேறு. சென்ட்ரலில் இருந்து ஜிஎச்சுக்கு ஐந்து அல்லது பத்து நிமிடத்துக்கு ஒரு சின்ன சுற்று பஸ் விடுங்கள். பஞ்சப்பூரில் இருந்து சென்ட்ரலுக்குப் பஸ் நிறைய இருக்கிறது. நேர் பஸ் என்று கேட்டு வாங்கி, அது முக்கால் மணிக்கு ஒன்று ஓடினால் யாருக்கு லாபம்? அடிக்கடி பஸ் இருந்தால் மாறி ஏறுவது கஷ்டமே இல்லை.

வெள்ளைச்சீருடை:
கண்டக்டர் தம்பி, மாறி ஏறுவது உங்களுக்கும் எனக்கும் கஷ்டமில்லை. நான் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். காலில் கட்டோடு வாக்கர் பிடித்து வருபவர், வாரத்தில் இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொண்டு தலைசுற்றலோடு வீடு திரும்புபவர், தையல் பிரிக்க வரும் தாய், இவர்களுக்கு ஒவ்வொரு பஸ் படிக்கட்டும் ஒரு தனிப் பாடு. நம் டவுன் பஸ் படி எவ்வளவு உயரம் என்று நினைத்துப் பாருங்கள். ஒருமுறை ஏறி இறங்குவதைக் குறைத்தால் அவர்களுக்கு அது பத்து நிமிடத்தைவிடப் பெரியது. கர்ப்பிணி ஸ்கேனுக்கு வரும்போது துணைக்கு வருபவர் கையில் குழந்தை இருக்கும், பையும் இருக்கும். அவர்களை இரண்டு முறை இறக்கி ஏற்றுவது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று. காலை 6 முதல் 1 என்கிறீர்களே, அது ஓபி, அதாவது வெளிநோயாளிகளைப் பார்க்கும் நேரம். ஆஸ்பத்திரி என்றால் ஓபி மட்டும்தானா? டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்து, டிஸ்சார்ஜ் சீட்டு எழுதி, மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே வரப் பிற்பகல் ஆகிவிடும். 108 கொண்டுவந்து சேர்க்கும், வீட்டுக்குக் கொண்டுபோய் விடாது. பிரசவித்த தாய்க்கு 102 வண்டி இருக்கிறது. மற்றவர்களுக்கு பஸ் அல்லது ஆட்டோதான். உள்நோயாளிக்குத் துணை இருப்பவர் சாப்பாடு, மாற்றுத்துணி என்று போய்வருவதும் உண்டு. மாலை 7 மணி வரையாவது ஓடவேண்டும்.

பெரம்பலூரான்:
பஞ்சப்பூரை மட்டுமே வைத்துப் பேசுகிறீர்கள். எங்கள் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. கொஞ்சம் பெரிய வியாதி என்றால் புத்தூர்தான். நாங்கள் வந்து இறங்குவது சத்திரத்தில். துறையூர், முசிறி, லால்குடிக்காரர்களும் அங்கேதான். கண்டக்டர் சொல்லும் சுற்று பஸ் சென்ட்ரலோடு நின்றுவிட்டால் எங்களுக்கு ஒன்றுமில்லை. பஞ்சப்பூர் – புத்தூர் – சத்திரம் என்று முழுசாக ஓடினால் ஒரே பஸ் தெற்கே இருந்து வருகிறவர்களையும் வடக்கே இருந்து வருகிறவர்களையும் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும். அதனால் என் ஓட்டு முழு வழித்தடத்துக்கு. மனுவில் சத்திரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

மணிகண்டம் வாசகர்:
எல்லாரும் புத்தூருக்கே வரவேண்டும் என்று ஏன் முடிவு கட்டுகிறோம்? புதுக்கோட்டையில் 2017-லேயே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. திண்டுக்கல், அரியலூர், நாமக்கல்லில் 2022-இல் வந்தன. மணப்பாறையில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை 2021-இல் இருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. விராலிமலை புதுக்கோட்டை மாவட்டம், அவர்கள் அங்கே போகலாமே. பஸ்ஸுக்குச் செலவழிப்பதை மணப்பாறையில் டாக்டர் போடச் செலவழிக்கச் சொல்லிக் கேட்கலாம்.

துவரங்குறிச்சியான்:
மணிகண்டம் நண்பரே, மணப்பாறைக்கு டாக்டர் கேட்பதை நான் எதிர்க்கவே மாட்டேன். அது வேறு துறை, வேறு பணம், வருடக் கணக்கில் நடக்கும் வேலை. விராலிமலையில் நின்று பாருங்கள், நெடுஞ்சாலையில் திருச்சி பஸ் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் அவர்கள் திருச்சிக்கு ஏறுகிறார்கள். மாத்திரை வீட்டுக்கு வந்தாலும் எலும்பு முறிவு சிகிச்சையும் மறுபரிசோதனையும் வீட்டுக்கு வராது. அதுவரை இவர்கள் புத்தூருக்கு வரத்தான் செய்வார்கள்.

உறையூர்க்காரி:
செவிலியர் அக்கா சொன்ன படிக்கட்டு விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கருத்துக்கேட்பு என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி யாருமே பேசவில்லை. வேலைநாளில் காலை 11 மணிக்குக் கலெக்டர் ஆபீஸில் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள்? பஸ் முதலாளிகள், சங்கங்கள், கட்சிக்காரர்கள், நேரம் இருக்கிற நாம். நோயாளி அந்த நேரம் ஓபி வரிசையில் நிற்பார். மார்க்கெட் பெண்கள் கடையில் இருப்பார்கள். அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கான திட்டம் என்றால் சட்டப்படி அரசிதழில் போட்டு 30 நாள் ஆட்சேபணைக்கு நேரம் தருவார்கள். அரசிதழை எந்த நோயாளி படிக்கிறார்? பாதிக்கப்படுகிறவர் இல்லாத கூட்டத்தில் எடுக்கும் முடிவை நான் எப்படி நம்புவது?

வெள்ளைச்சீருடை:
கூட்டத்தை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோகச் சொல்வோம், அம்மா. ஓபி சீட்டு கொடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, கல்லூரி மாணவர்களை உட்காரவைத்தால் போதும். எந்த ஊர், எங்கே எங்கே மாறி ஏறினீர்கள், திரும்பிப் போவது எப்படி என்று கேட்டு எழுதட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பதில் சொல்லிவிடுவார். திங்கட்கிழமை ஓபி கூட்டமும் வெள்ளிக்கிழமைக் கூட்டமும் ஒன்றாக இருக்காது, ஆகவே ஒரு வாரம் முழுக்க எடுக்கவேண்டும். வார்டிலும் துணைக்கு இருப்பவர்களைக் கேட்கவேண்டும். அதே மேசை காந்தி மார்க்கெட்டிலும் இருக்கட்டும்.

டவுன்பஸ் கண்டக்டர்:
இது சரியான யோசனை. டிக்கெட் மெஷினில் எந்த ஸ்டேஜில் எத்தனை பேர் ஏறினார்கள் என்ற கணக்கு இருக்கும், அதையும் கேட்டு வாங்கலாம். ஆனால் பஸ் கிடைக்காமல் ஆட்டோவுக்குப் போனவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அவரை அக்கா சொல்லும் மேசையில்தான் பிடிக்கமுடியும்.

சட்டத்திலும் ஒரு வழி இருக்கிறது. 87-ஆவது பிரிவில் தற்காலிக பர்மிட் தரலாம், அதிகபட்சம் 4 மாதம். நான்கு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு, பாலக்கரையில் என்ன ஆனது, புத்தூரில் எவ்வளவு பேர் இறங்கினார்கள் என்று பார்த்தபிறகு நிரந்தரம் ஆக்கலாம். ஆனால் சோதனைக்கு விடும் வண்டி கூடுதல் வண்டியாக இருக்கவேண்டும். ஓடுகிற வண்டியை எடுத்தால் முதல் வாரத்திலேயே சண்டை வரும், சோதனையும் பாழாகிவிடும்.

துவரங்குறிச்சியான்:
அப்படியானால் மனுவை இப்படி மாற்றுகிறேன். பஞ்சப்பூரில் இருந்து சென்ட்ரல், புத்தூர், தில்லைநகர் வழியாகச் சத்திரம் வரை, காலை 6 முதல் மாலை 7 வரை, கூடுதல் அரசு டவுன் பஸ்கள், முதலில் 4 மாதச் சோதனையாக. சோதனைக்கு முன்பும் பின்பும் ஓபியிலும் மார்க்கெட்டிலும் மேசை போட்டுக் கருத்துக் கேட்கவேண்டும். டிக்கெட் கணக்கை வெளியிடவேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பொதுப் போக்குவரத்தை அவர்கள் ஏறக்கூடியதாகச் செய்யச் சொல்கிறது; படி உயரம் குறைந்த வண்டியை இந்தத் தடத்துக்கு முதலில் ஒதுக்கச் சொல்லி அதையும் எழுதுகிறேன்.

கூடுதல் வண்டி இல்லை என்று கையை விரித்தால் மூன்றில் ஒன்றைத் திருப்பும் யோசனையை இரண்டாவது கோரிக்கையாக வைக்கலாமா?

உறையூர்க்காரி:
வைக்கக்கூடாது. இரண்டாவதாக எழுதினாலும் செலவில்லாதது எதுவோ அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். பாலக்கரை வழியாகவும் உறையூர் வழியாகவும் இப்போது ஓடும் எந்த நடையும் குறையக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இருந்தால் எங்கள் தெருவில் நானே வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கித் தருகிறேன். இல்லையென்றால் அதே குறைதீர் கூட்டத்துக்கு எதிர் மனுவோடு வருவேன்.

பெரம்பலூரான்:
அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள். சத்திரத்தில் துறையூர், பெரம்பலூர் பஸ் நிற்கும் பக்கம் நானும் நண்பர்களும் கையெழுத்து வாங்குகிறோம். மனுவின் நகலை இங்கே போட்டால் அச்செடுத்துக்கொள்வோம்.