புதினா இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி

வணக்கம் உறவுகளே. கோவையில் மொட்டை மாடியில் வளரும் புதினாவில், இலையின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். விரலால் தடவினால் மஞ்சள்தூள் மாதிரி பொடி ஒட்டிக்கொள்கிறது. மேல்பக்கம் அதே இடத்தில் வெளிறிய புள்ளி. பிறகு இலை பழுத்து, கீழிருந்து மேலாக உதிர்ந்து, தண்டு மட்டும் மொட்டையாக நிற்கிறது.

சந்தையில் வாங்கிய கட்டிலிருந்து தண்டு கிள்ளி ஆடியில் நட்டது. செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்த அகலமான க்ரோ பேக். காலை வெயில் மட்டும் படும். புரட்டாசி வரை கைநிறையப் பறித்தோம், வாசனை மாடிப்படி வரை வரும். ஐப்பசி அடைமழைக்குப் பிறகுதான் இந்தப் பொடி. பக்கத்திலேயே இருக்கும் துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய் சோப்புக் கரைசலோடு அடித்துப் பார்த்தேன், கேட்கவில்லை. புளித்த மோரும் அப்படியே. சூடோமோனாஸ் (செடி நோயை அடக்கும் நன்மை பாக்டீரியாப் பொடி) லிட்டருக்கு 10 கிராம் கலந்து தெளித்தபோது கொஞ்சம் அடங்கி, அடுத்த மழையில் திரும்பிவிட்டது. நோய் இலைகளைக் கிள்ளி எரிக்கிறேன், வேரில் மட்டும் தண்ணீர் விடுகிறேன். பூச்சி எதுவும் கண்ணில் படவில்லை. துரு நோய் என்றே நினைக்கிறேன். பச்சையாகச் சட்னிக்கு அரைக்கிற கீரை, அதனால் ரசாயன மருந்து வேண்டாம்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: மண்ணோடு ஒட்ட வெட்டிவிட்டால் நோயில்லாமல் துளிர்க்குமா, இல்லை மண்ணையும் சேர்த்துக் கொட்டிவிட்டுப் புதுத் தண்டுதான் நட வேண்டுமா?