பட்டறை ரோலிங் ஷட்டர் வழியா சூடு, தூசி, மழைத்தண்ணி எல்லாம் உள்ள வருது, என்ன பண்ணலாம்?

மரத்தூள்:
எல்லாருக்கும் வணக்கம். சின்னதா ஒரு மரவேலை பட்டறை வச்சிருக்கேன். முன்னாடி ரெண்டு ரோலிங் ஷட்டர், ஒவ்வொண்ணும் 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், ரெண்டுமே மேற்கு பாத்த மாதிரி. மதியம் 2 மணிக்கு மேல உள்ள நிக்க முடியல, தகரத்துல கை வச்சா சுட்டுருது, ஒரு மீட்டர் தள்ளி நின்னாலும் மூஞ்சில அனல் அடிக்குது. மழை சாஞ்சு அடிச்சா அடியில தண்ணி புகுந்து டேபிள் சா கால் வரைக்கும் ஓடுது, காத்து அடிச்சா ரோட்டுத் தூசி பூரா வந்து அப்பத்தான் வார்னிஷ் அடிச்ச பலகை மேல உக்காந்துக்குது.

போன மாசம் நானே ஒரு வேலை பாத்தேன், திட்டாதீங்க. ஒரு பக்கம் ஃபாயில் ஒட்டின 10 மிமீ ஃபோம் ரோல் வாங்கி, பட்டை பட்டையா நறுக்கி ஒரு ஷட்டரோட உள்பக்கம் பூரா ஒட்டினேன். பாக்க அழகாத்தான் இருந்துச்சு. தூக்கினா முக்கால்வாசிக்கு மேல போகல, மேல உருளையை மூடியிருக்கிற ஹூட் கவர்ல உரசி கர்ர்னு சத்தம், பயந்து இறக்கினா ஃபோம் நாக்கு மாதிரி அங்கங்க தொங்குது. எல்லாத்தையும் பிச்சு எடுத்து பசையைச் சுரண்ட ரெண்டு நாள் ஆச்சு.

இப்ப கேள்வி, ஷட்டரை மாத்தாம சூட்டைக் குறைக்கவும் சந்து இடுக்கை அடைக்கவும் வழி இருக்கா? ஒண்ணு கையால தூக்குறது, இன்னொண்ணு மோட்டார்.

பழைய ஷாஃப்ட்:
தம்பி, நான் ஷட்டர் வேலைதான் பாக்குறேன். நீ பண்ண தப்பை வருஷத்துக்கு நாலு பேர் பண்றாங்க அதனால கவலைப்படாத. கணக்கைப் பாரு, 3 மீட்டர் ஷட்டர் மேல போய் சுத்தும்போது சுமாரா நாலு சுத்து விழும், ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு பக்கமும் 10 மிமீ ஏறுது, அப்ப மொத்த உருளை 80 மிமீ பெருசாயிடும். ஹூட் கவர்ல அவ்வளவு இடம் ஏது? அதுவும் போக தகரப் பட்டை மடங்கி மடங்கி சுத்துறதால எந்தப் பசையும் நிக்காது. ஓடுற தகரத்து மேல எதையும் ஒட்டாத, இதை மட்டும் மனசுல வச்சுக்கோ.

எடை கூடினாலும் பிரச்சனைதான். ஷட்டர் சுத்துற ஷாஃப்ட்டுக்குள்ள இருக்கிற ஸ்பிரிங் உன் ஷட்டரோட எடைக்குத்தான் முறுக்கி வச்சிருக்கு, நீ எடையை ஏத்தினா கையில தூக்குறது கனக்கும், பாதியில நிக்க வேண்டியது சரிஞ்சு கீழ வரும். ஸ்பிரிங்கை நீயே முறுக்கலாம்னு மட்டும் கழட்டிடாத, விரல் போயிடும், அது தெரிஞ்சவன் கைல விட வேண்டிய வேலை.

முதல்ல சந்தை அடை, அதுலதான் உனக்கு சீக்கிரம் பலன் தெரியும். அடியில வெறும் 10 மிமீ இடைவெளின்னு வச்சுக்கோ, 3 மீட்டர் அகலத்துக்கு 300 சதுர செமீ ஆகுது, அதாவது சுவத்துல 17க்கு 17 செமீ ஓட்டை போட்டு வச்ச மாதிரி. ராத்திரி உள்ள லைட்டை அணைச்சுட்டு வெளிய ஒருத்தரை டார்ச் அடிக்கச் சொல்லு, எங்கெங்க வெளிச்சம் கசியுதுன்னு சாக்பீஸ்ல குறிச்சுக்கோ. நிறைய பேர் கீழ மட்டும் பாப்பாங்க, மேல உருளைக்கும் லிண்டலுக்கும் (வாசலுக்கு மேல இருக்கிற உத்திரம்) நடுவுல இருக்கிற சந்து அதை விடப் பெருசா இருக்கும்.

கீழ: ஷட்டரோட கடைசிப் பட்டையான பாட்டம் பார்ல அலுமினியச் சட்டத்தோட வர்ற ரப்பர் பட்டை, உருண்டையா உள்ள காத்து இருக்கிற மாதிரி வர்றது, அதை ரிவெட் அடிச்சுடு. தரை மேடு பள்ளமா இருந்தா உருண்டை ரப்பர்தான் அமுங்கி உக்காரும், தட்டையா இருக்கிறது பள்ளத்துல விட்டுரும்.
பக்கம்: ஷட்டர் ஏறி இறங்குற கைடு சேனல் விளிம்புல நைலான் பிரஷ் பட்டை. பிரஷ் தகரத்தைத் தொட்டா போதும், அழுத்தி வளைஞ்சு நிக்கிற மாதிரி வைக்காத, இழுவை வந்துரும். சேனல்ல கிரீஸ் தடவுற பழக்கம் இருந்தா விட்டுரு, உன் மரத்தூளும் கிரீஸும் சேர்ந்து களிமண்ணாயிடும், சிலிகான் ஸ்பிரே லேசா அடி.
மேல: லிண்டல்ல நீள முடி பிரஷ், 5 செமீக்கு மேல முடி இருக்கிறதா பாரு, ஏன்னா ஷட்டர் சுத்த சுத்த உருளை தடிச்சு தகரம் முன்ன பின்ன நகரும்.

தூசி அலர்ஜி:
சந்தை எல்லாம் அடைச்சா என்னை மாதிரி ஆளுக்கு சந்தோஷம்தான், ஆனா தகரப் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவுல கோக்குற இடத்துலயே காத்து வருமே ப்ரோ, அதுக்கு என்ன பண்றது?

பழைய ஷாஃப்ட்:
அதை அடைக்க முடியாதுப்பா, அடைச்சா சுத்தாது. அதுக்குத்தான் உள்பக்கம் ரெண்டாவது அடுக்கு.

வெள்ளைப்பெயிண்ட்:
சூட்டைப் பத்தி நான் சொல்றேன், எங்க பட்டறையும் இதே கதைதான். மேற்கு வெயில்ல கருப்பு, கரும்பச்சை மாதிரி அடர்த்தி கலர் தகரம் 60 டிகிரியை சாதாரணமா தாண்டும். உங்களுக்கு மூஞ்சில அடிக்கிற அனல் காத்து வழியா வர்றது இல்ல, தகரம் அடுப்பு மாதிரி கதிர்வீச்சா தள்ளுது, அதனாலதான் ஃபேன் போட்டாலும் குறைய மாட்டேங்குது. வெளிப்பக்கம் நல்ல வெள்ளை அடிச்சா வெயில்ல முக்கால்வாசியைத் திருப்பி அனுப்பிடும். இதுக்கு எடையும் கிடையாது தடிமனும் கிடையாது.

ஒரே விஷயம், கால்வனைஸ்டு தகரத்துல நேரா எனாமல் பெயிண்ட் அடிச்சா துத்தநாகத்தோட சேராம ஒரு வருஷத்துக்குள்ள அப்பளமா உரியும், கால்வனைஸ்டுக்குன்னே இருக்கிற பிரைமர் முதல்ல போடணும். ரெண்டு மெல்லிசான கோட் போதும். கோக்குற இடத்துல பெயிண்ட் தேங்கி நின்னா காய்ஞ்சதும் பட்டைங்க ஒட்டிக்கும், நான் அப்படி ஒட்ட வச்சு அப்புறம் கத்தியால ஒவ்வொரு கோடா கீறி எடுத்தேன், அந்தக் கீறல்ல இப்ப துரு. பாவம் ஷட்டர்.

உள்ள என்ன பண்ணலாம்னா, ஷட்டர்லேர்ந்து கொஞ்சம் தள்ளி மேல ஒரு தண்டவாளம் மாட்டி அதுல தடிச்ச திரை தொங்க விடுங்க, ரெண்டு துணிக்கு நடுவுல பஞ்சு மாதிரி இன்சுலேஷன் வச்சுத் தைச்சது. ஓரத்துல வெல்க்ரோ, கீழ தரையில படுற மாதிரி கனமா ஒரு மடிப்பு. ஃபாயில் துணி போடுறதா இருந்தா பளபளப்பு பக்கம் தகரத்தைப் பாத்து இருக்கணும், நடுவுல குறைஞ்சது 2 செமீ காத்து இடைவெளி வேணும், தகரத்தைத் தொட்டா ஃபாயில் சூட்டை நேரா கடத்திடும். உங்க பட்டறைல இன்னொரு வம்பு, மரத்தூள் படிஞ்சுட்டா ஃபாயில் ஃபாயிலா இருக்காது, அப்பப்ப துடைக்கணும்.

அடிக்கடி திறக்காத ஷட்டர்னா திரையை விட உறுதியா ஒண்ணு பண்ணலாம், 50 மிமீ ஃபோம் போர்டை பிளைவுட்டுக்கு நடுவுல வச்சு மடிக்கிற கதவு மாதிரி உள்பக்கம் நிறுத்தலாம். நீங்க மரவேலைக்காரர், உங்களுக்கு இது ஒரு வாரக் கடைசி வேலை.

ஸ்பார்க் மண்டை:
நான் வெல்டிங். ஃபோமை வெறுமனே விட்டுராதீங்க நண்பா, கிரைண்டர் பொறி ஒண்ணு போய் உக்காந்தா போதும், தெர்மாகோல் எரிஞ்சா கருப்புப் புகை, சொட்டு சொட்டா உருகி வேற விழும். பிளைவுட்டோ ஜிப்சம் போர்டோ வச்சு முழுசா மூடுங்க. தெர்மாகோல் 80 டிகிரி கிட்டயே இளக ஆரம்பிச்சுரும், அதனால கொதிக்கிற தகரத்தோட ஒட்டி நிக்கக் கூடாது. ரப்பர் சொல்யூஷன், தின்னர் பட்டா அது கரைஞ்சே போகும், பசை வாங்கும்போது தெர்மாகோலுக்கு ஆகுமான்னு பாத்து வாங்குங்க.

அப்புறம் எல்லாச் சந்தையும் அடைச்சுட்டு உள்ள நின்னு வார்னிஷ் அடிக்காதீங்க. இது வரைக்கும் அந்தச் சந்துதான் உங்களுக்குக் காத்தோட்டமா இருந்துச்சு. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒண்ணும், எதிர்ப்பக்கம் ஃபில்டர் போட்ட ஜன்னலும் இருக்கட்டும். ஜெனரேட்டரோ கேஸ் ஹீட்டரோ உள்ள ஓட்டுற ஆளா இருந்தா ரொம்ப கவனம், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

குளிர்ல நடுங்குறவன்:
எனக்கு நேர் எதிர் பிரச்சனை, குளிர் ஊர்ல இருக்கேன். காலையில ஷட்டர் உள்பக்கம் வேர்த்து வடியும், கீழ வச்ச உளியெல்லாம் துரு. திரை போட்டதும் குளிர் குறைஞ்சுது ஆனா திரைக்குப் பின்னாடி தகரத்துல வேர்க்கிறது இன்னும் அதிகமாச்சு, ஏன்னா உள்ள இருக்கிற ஈரக்காத்து ஓரத்துல புகுந்து சில்லுன்னு இருக்கிற தகரத்தைத் தொடுது. ஓரத்தை இறுக்கி வெல்க்ரோ போட்டப்புறம்தான் நின்னுச்சு. குளிர் பிரதேசத்துல யாராவது இதைப் படிச்சா, சும்மா தொங்க விட்டா பத்தாது.

மரத்தூள்:
எல்லாருக்கும் நன்றி, குறிப்பா ஷாஃப்ட் அண்ணனுக்கு. டார்ச் டெஸ்ட் நேத்து ராத்திரியே பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே மேல விரல் நாலு போற அளவுக்கு சந்து, இத்தனை வருஷம் அண்ணாந்தே பாக்கல. இன்னும் ரெண்டு சந்தேகம். மழைத்தண்ணிக்கு ரப்பர் மட்டும் போதுமா? தரையில என் மெஷின் ஆயில் சிந்துற இடம் அது, ரப்பர் தாங்குமா?

பழைய ஷாஃப்ட்:
தண்ணிக்கு ரப்பர் மட்டும் பத்தாது தம்பி. தரையில ஒட்டுற மேடு மாதிரி ரப்பர் வரம்பு வரும், பாலியூரித்தேன் பசை போட்டு, ஷட்டர் இறங்குற கோட்டுக்கு உள்பக்கமா ஒட்டு. தரையை வயர் பிரஷ் போட்டுத் தேச்சு எண்ணெய்ப் பிசுக்கு போனப்புறம் ஒட்டு, இல்லன்னா ஒரு மாசத்துல பேத்துக்கிட்டு வரும். வெளிய தரை உன் பக்கமா சரிஞ்சிருந்தா எந்த வரம்பும் நிக்காது, முன்னாடி குறுக்கா ஒரு சின்ன வடிகால் வெட்டி சல்லடைக் கம்பி போட்டு மூடு.

ஆயில் நல்ல கேள்வி. வழக்கமா விக்கிறது ஈபிடிஎம் ரப்பர், வெயிலுக்கும் மழைக்கும் அருமையா இருக்கும், ஆனா எண்ணெய் பட்டா ஊதிப்போய் கொழகொழன்னு ஆயிடும். ஆயில் படுற இடத்துக்கு நைட்ரைல் இல்லன்னா நியோப்ரீன் கேளு.

மோட்டார் ஷட்டர்ல ரப்பர் போட்டதும் கீழ் லிமிட்டை (இறங்கும்போது மோட்டார் நிக்கிற இடம்) மறுபடி செட் பண்ணணும், மறந்துராத. பழைய லிமிட்லயே விட்டா ரப்பர் தரையைத் தொட்டப்புறமும் மோட்டார் இறக்கிக்கிட்டே இருக்கும், மேல உருளை தளர்ந்து பட்டை சேனல்ல கோணிக்கும். ரப்பர் பாதி அமுங்கின இடத்துல நிக்கிற மாதிரி வை.

மரத்தூள்:
சரிண்ணே. அப்ப முதல்ல கையால தூக்குற ஷட்டருக்கு கீழ் ரப்பர், பக்கத்து பிரஷ், லிண்டல் பிரஷ் மூணும். அது சரியா ஓடுச்சுன்னா மோட்டாருக்கு. வெள்ளை பெயிண்ட் மழை விட்டதும். மடக்குக் கதவுக்கு அளவு எடுத்து வச்சுட்டேன், சேனல் பக்கத்துல பூட்டு கம்பி 4 செமீ நீட்டிக்கிட்டு இருக்கு, அதை எப்படி தாண்டுறதுன்னு இன்னும் தெரியல.

வெள்ளைப்பெயிண்ட்:
அந்த இடத்துல மட்டும் ஷட்டர் பக்கத்து பிளைவுட்டையும் ஃபோமையும் குடைஞ்சு எடுத்துடுங்க. பட்டறைப் பக்கத்து பிளைவுட்டைக் குடையாதீங்க.