குடும்ப வாட்ஸ்அப் குழு: அப்பாவோட ஜீன் ரிப்போர்ட்

செல்வி: கீதா அண்ணி, அப்பாவோட ரிப்போர்ட் வந்துடுச்சு. "சிஒய்பி2சி19 ஸ்டார்2/ஸ்டார்2, பூர் மெட்டபொலைசர்"னு இருக்கு. ஸ்டென்ட் வச்சு மூணு வாரம்தான் ஆகுது. ரத்தம் உறையாம இருக்கத் தர்ற க்ளோபிடோக்ரெல்லை நிறுத்திடட்டுமா?

கீதா அண்ணி: நிறுத்தவே கூடாது. புது மாத்திரை கைக்கு வர்ற வரைக்கும் பழசு ஓடட்டும். ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறையற ஆபத்து முதல் மாசத்துலதான் அதிகம். ரிப்போர்ட்டை இப்பவே ஹார்ட் டாக்டருக்கு அனுப்பு, அடுத்த செக்கப் வரைக்கும் வச்சிருக்காத.

முரளி சித்தப்பா: க்ளோபிடோக்ரெல் அப்படியே வேலை செய்யாதும்மா. கல்லீரல்ல 2 படி தாண்டினாதான் மருந்தாகும். சுமார் 85 சதவீதம் வழியிலேயே வீணாகிடும். மிச்சத்தை மாத்தற முக்கிய நொதிதான் இந்த சிஒய்பி2சி19. ஸ்டார்2-ங்கறது அந்த நொதியோட ஜீன்ல வர்ற மாற்றம்: ஜி இருக்க வேண்டிய இடத்துல ஏ, ஒரே எழுத்துதான், ஆனா நொதி உருப்படியா உருவாகாது. அம்மா வழி, அப்பா வழி ரெண்டு பிரதியும் அப்படின்னா வழக்கமான 75 மி.கி. போட்டும் ரத்தத்தை உறைய வைக்கற பிளேட்லெட் சரியா அடங்காது. இவங்களைத்தான் பூர் மெட்டபொலைசர்ங்கறாங்க. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2010-லயே பெட்டி கட்டி எச்சரிச்சிருக்கு.

செல்வி: டோஸ் ஏத்தினா?

முரளி சித்தப்பா: ஒரு ஸ்டார்2 உள்ளவங்களுக்கு 225 மி.கி. ஈடு கட்டுச்சுன்னு ஒரு ஆய்வு இருக்கு. ரெண்டும் உள்ளவங்களுக்கு 300 மி.கி. கொடுத்தும் எட்டல. மருந்தையேதான் மாத்தணும்.

கீதா அண்ணி: ரெண்டு வழி இருக்கு. பிராசுக்ரெல் 10 மி.கி. ஒரு வேளை. முன்னாடி பக்கவாதமோ மினி ஸ்ட்ரோக்கோ வந்திருந்தா அது கூடவே கூடாது. 75 வயசுக்கு மேல, 60 கிலோவுக்குக் கீழன்னாலும் ரத்தக்கசிவு பயம். இன்னொண்ணு டிகாக்ரெலார் 90 மி.கி., ரெண்டு வேளை. இதுக்கு அந்த நொதியே தேவையில்ல. மாரடைப்புக்கு வச்ச ஸ்டென்ட், 30 நாளுக்குள்ளன்னா வழக்கமா முதல் டோஸ் மட்டும் 180 மி.கி. கொடுத்து ஆரம்பிப்பாங்க. கூட ஆஸ்பிரின் 100 மி.கி.யைத் தாண்டக்கூடாது. சிலருக்கு மூச்சு வாங்கும். பயந்து நிறுத்திடாம டாக்டருக்குச் சொல்லணும். ராத்திரி வேளையை மறக்கறதுதான் நடக்கற பெரிய தப்பு. அலாரம் வை.

செல்வி: கேஸ் மாத்திரை ஒமிப்ரசோல் போடறாரே?

முரளி சித்தப்பா: அது இதே நொதியைத் தடுக்கும், அதனாலதான் க்ளோபிடோக்ரெல்லோட சேராது. பான்டோப்ரசோல் தேவலாம். அண்ணனுக்குத் தடுக்கறதுக்கே நொதி இல்ல, அது வேற கதை 😅

கார்த்தி: நாங்களும் டெஸ்ட் எடுக்கணுமா?

கீதா அண்ணி: உங்க ரெண்டு பேருக்கும் ஒரு ஸ்டார்2 நிச்சயம். இன்னொண்ணு அம்மாகிட்டேருந்து வந்ததைப் பொறுத்தது. இதனால மாரடைப்பு வராது கார்த்தி, க்ளோபிடோக்ரெல் உடம்புல வேலை செய்யற மருந்தா மாறாம போறதுதான் சிக்கல். க்ளோபிடோக்ரெல் தேவைப்பட்டா அப்ப பாத்துக்கலாம். நம்ம பக்கம் ஸ்டார்2 ரொம்ப சகஜம்.

செல்வி: சரி அண்ணி, டாக்டருக்கு அனுப்பிட்டேன்.

முரளி சித்தப்பா: ரிப்போர்ட்டைப் பத்திரமா ஃபைல்ல வை, ஜீன் மாறாது, திரும்ப எடுக்க வேண்டாம். வேற டாக்டர்கிட்ட போனாலும் காட்டணும். மனச்சோர்வுக்குத் தர்ற சிட்டாலோப்ராம் இவருக்கு உடம்புல தேங்கும், 20 மி.கி.க்கு மேல போகக்கூடாது.