கிர்டிலுக்கு வரப்புன்னே வெச்சுக்கலாமே

வெட்டின வைரத்தோட மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேர்ற எடத்துல கல்லைச் சுத்தி ஒரு பட்டி ஓடுதே, அதான் கிர்டில், அதுக்குத் தமிழ்ல என்ன பேர் வெக்கலாம்னு கேட்டதுக்கு மேல வந்த பரிந்துரை எல்லாத்தையும் படிச்சேங்க. மேகலை, ஒட்டியாணம், இடை, விளிம்பு, கோடி, எல்லாமே காதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா கல்லைக் கையில எடுத்து தரம் சொல்லிப் பாருங்க, அங்கதான் மாட்டுது. நான் சேலம் கடைவீதிப் பக்கம் வைரம் பாத்துப் பிரிக்கிற வேலையில இருக்கேன், கிர்டில் கிர்டில்னே வாய் பழகிப்போச்சு, அதனால இந்தப் பேச்சு வந்ததும் எனக்கு ஒரே ஆர்வம்.

இடைங்கிறத பாதிப் பேர் ஆதரிச்சிருக்கீங்க. எழுத்துல சரி, வாயில சொல்லிப் பாருங்க. இலை எலை ஆவுது, இடம் எடம் ஆவுது, இடையும் எடைன்னுதான் வந்து விழும். வைரக் கடையில எடைன்னா காரட்டு, சென்ட்டு (ஒரு காரட்டுல நூத்துல ஒரு பங்கு). கல் கட்டற ஆசாரிக்கு போன் போட்டு "இந்தக் கல்லுக்கு இடை ஜாஸ்தி"ன்னா அவர் தராசைத் தேடுவாரு. ஒட்டியாணம் அதுக்கும் மேல, பில்லுல "ஒட்டியாணம் மிக மெலிது"ன்னு அடிச்சுக் குடுத்தா பொண்ணோட அம்மா கடைக்கே வந்து நின்னுடுவாங்க. மேகலையும் அதே கதைதான். விளிம்பு சொன்னவருக்கு, ரவுண்ட் பிரில்லியன்ட்ல, அதான் வட்டமா வெட்டின வைரத்துல, 57 பட்டை (தீட்டின முகம்) இருக்கு ஐயா, ஒவ்வொண்ணுக்கும் விளிம்பு இருக்கு, எந்த விளிம்புன்னு திருப்பிக் கேட்டா என்ன சொல்றது?

கோடி பத்தி மட்டும் கொஞ்சம் யோசிச்சேன். சிலப்பதிகாரத்துல ஊர்காண் காதையில காகபாதம், களங்கம், விந்து, ஏகைன்னு வைரத்தோட குற்றத்தைச் சொன்ன கையோட "நுழைநுண் கோடி"ன்னு வருது. ஆனா அங்க கோடிங்கிறது கூரான முனை. நம்ம தேடுறது முனை இல்ல, கல்லைச் சுத்தி ஓடுற பட்டி. கோடிய சதுரமா வெட்டற பிரின்சஸ் கட்டோட மூலைக்கும், துளி மாதிரி வெட்டற பியர் ஷேப்போட நுனிக்கும் வெச்சுக்கலாம், வீணாக்க வேண்டாம்.

என் ஓட்டு வரப்புக்கு. ஏற்காடு அடிவாரத்துல ரெண்டு வயலுக்கு நடுவுல ஓடுதே அதேதான். இங்க மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவுல ஓடுது. முக்கியமா வரப்புன்னாலே அதோட தடிமன் பத்திப் பேசறது நமக்குப் பழக்கம், மெலிசா இருந்தா ஒடையும், தடிச்சா நெலத்தைத் தின்னும். வைரத்துலயும் அச்சு அசலா அதேதாங்க. கத்தி மாதிரி மெலிஞ்ச வரப்பு, கல் கட்டும்போது பிராங்கை (கல்லைப் பிடிக்கிற உலோகக் கொக்கி) அழுத்தற அழுத்துலயே தெறிச்சுடும். வைரம் மோஸ் அளவுல கடினத்துல உச்சமான 10தான், ஆனா அதுக்குப் பிளவுத் திசைன்னு நாலு இருக்கு, அந்த வாக்குல அடி பட்டா கடினமாவது ஒண்ணாவது. ஏழு கல் தோடு மாதிரி கல்லும் கல்லும் நெருங்கி உக்கார்ற நகையில இதை இன்னும் உத்துப் பாக்கணும்.

தடிச்ச வரப்பு ஒடையாது, ஆனா காசு அதுலதான் ஒளிஞ்சிருக்கும். 1 காரட் ரவுண்ட் நல்லா வெட்டினா சுமாரா 6.5 மி.மீ அகலம் வரணும். நடுவுல தடியா விட்டுட்டா அதே 1 காரட்டு 6.2, 6.3தான் நிக்கும். 0.95 ஆகிட வேண்டிய கல்லை 1.00ல நிறுத்துறதுக்கு வெட்டறவங்க இதைச் செய்யறாங்க, ஏன்னா அந்த எடத்துல காரட் ரேட்டே தாவும். மோதிரமாப் போட்டா மேலிருந்து பாக்கறவங்களுக்கு அந்தக் கூடுதல் எடை கண்ணுலயே படாது, காசு மட்டும் போயிருக்கும். இதுல வேடிக்கை என்னன்னா ரவுண்ட் வைரத்தை எந்த அளவுல வெட்டினா நல்லா மின்னும்னு 1919ல டோல்கோவ்ஸ்கி போட்ட கணக்குல, கல்லோட அகலத்துல மேல் 16.2, கீழ் 43.1, ஆக மொத்த ஆழம் 59.3 சதவீதம்னு வரும், வரப்புக்கு அவர் எடமே விடல!

இப்ப தரம் பாக்கறதுக்கு வருவோம், சொல்லு நிக்குமான்னு அங்கதான் தெரியும். கல்லைத் துடைச்சு, மேல் முகத்துலயும் அடி முனையிலயும் ட்வீசர் பிடிச்சு, பக்கவாட்டுல 10 மடங்கு லூப்புல (கைக் கண்ணாடி லென்சு) முழுச் சுத்தும் திருப்பிப் பாக்கணும், ஒரு எடத்தைப் பாத்துட்டு சொல்லவே கூடாது. ரவுண்ட் கல்லுல வரப்பு சீரா ஓடாது. மேல் பட்டையும் கீழ் பட்டையும் வந்து கடிக்கிறதால அலை அலையா 16 மேடு, 16 பள்ளம் வரும். ஜிஐஏன்னு வைரத்துக்குத் தரச் சான்று குடுக்கற அமெரிக்க நிறுவனம், அவங்க ரிப்போர்ட்ல வரப்புத் தடிமன் கல்லோட அகலத்துல 3.5%னு நிக்கிற எண் மேட்டை அளந்து சராசரி போட்டது, பக்கத்துல "மெலிசு முதல் நடுத்தரம் வரை"ன்னு நிக்கிறது பள்ளத்தைப் பாத்து சொன்னது. இது தெரியாம ரெண்டும் ஒத்துப்போகலைன்னு சண்டை போடறவங்க நெறைய. வரப்புன்னு வெச்சுட்டா மேடு, பள்ளம் ரெண்டுக்கும் தனியா சொல்லு தேட வேண்டியதில்ல பாருங்க, தானா வந்து ஒட்டிக்குது.

இன்னொரு சிக்கல், சதவீதத்தை மட்டும் நம்ப முடியாது. 20 சென்ட் கல்லு சுமாரா 3.8 மி.மீ, அதுல 3%ன்னா 0.11 மி.மீ. 2 காரட்டு 8.1 மி.மீ, அதே 3% அங்க 0.24 மி.மீ. கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுமா?

வரப்புத் தடிமனுக்குப் படி மொத்தம் எட்டு. மிகமிக மெலிசு, ரொம்ப மெலிசு, மெலிசு, நடுத்தரம், கொஞ்சம் தடிப்பு, தடிப்பு, ரொம்ப தடிப்பு, மிகமிக தடிப்புன்னு போட்டிருக்கேன். "அதிநுண்", "அதிதடி"ன்னு ஒரு தம்பி எழுதியிருந்தாரு, தம்பி கோவிச்சுக்காதீங்க, அதிதடின்னா எனக்கு போலீஸ் ஞாபகம்தான் வருது. 2006ல ஜிஐஏ ரவுண்டுக்கு கட் கிரேடு (வெட்டுத் தரம்) குடுக்க ஆரம்பிச்சதுல இருந்து மெலிசுல தொடங்கி கொஞ்சம் தடிப்பு வரைக்கும்தான் உச்சத் தரமான எக்சலன்ட்டுக்கு எடம், அதனால இந்தப் பேரெல்லாம் விலையில உக்காரும், குழப்பமா வெக்க முடியாது.

வரப்பை முடிக்கிற விதத்துல, பாலிஷ் பண்ணினது, பட்டை வெட்டினது ரெண்டுக்கும் பளபள வரப்பு, பட்டை வரப்புன்னு எழுதிட்டேன். வைரத்தை வைரத்தோட தேச்சு உருட்டி அப்படியே விட்டதுக்கு, தேச்ச கண்ணாடி மாதிரி வெள்ளையாத் தெரியுமே, அதுக்கு சொரசொர வரப்பு. அவசரமா உருட்டினா வரப்புலிருந்து உள்ளுக்கு முடி முடியா கீறல் ஓடும், பியர்டிங்ன்னு சொல்றது, அதைத் தாடின்னே விட்டுடலாமா, இல்ல மயிர்க்கீறலா? திருச்சிப் பக்கம் கல் பட்டை தீட்டற குடும்பத்துல இருந்து யாராவது இருந்தா, பட்டறையில என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க, நம்ம உக்காந்து கோக்கறதவிட அது மேலா இருக்கும்.