ஹ்யூ கிரிஃபித்: எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

கேள்வி: 'பென்ஹர்' (1959) படத்தில் அரபு ஷேக் இல்டெரிமாக நடித்த ஹ்யூ கிரிஃபித் வேல்ஸ்காரராமே? அவருடைய வேறு எந்தப் படங்களைப் பார்க்கலாம்?

பதில் 1: ஆமாம், ஆங்கில்சீ தீவின் மரியன்-கிளாஸில் 1912இல் பிறந்தவர். பேங்க் குமாஸ்தாவாக இருந்து ராடா நாடகப் பள்ளிக்குப் போனார். நடுவில் உலகப் போர், பட்டாளத்தில் இந்தியாவும் பர்மாவும். முதலில் 'எ ரன் ஃபார் யுவர் மணி' (1949) பாருங்க. ஹார்ப் வாசிக்கிற ஆளா வருவார். பிறகு 'தி டிட்ஃபீல்ட் தண்டர்போல்ட்' (1953).

பதில் 2: பென்ஹரையே இன்னொரு தடவை பாருங்களேன். ரோமானியர்களிடம் போய் தேரோட்டப் போட்டிக்கு நாலுக்கு ஒன்று என்று பந்தயம் கட்டவைக்கிற இடம்! குரலை உயர்த்தாமலே ரோமானிய வில்லன் மெஸ்ஸாலாவின் ரோஷத்தைக் கிளறிவிடுவார். விருந்து முடிந்ததும் வரும் ஏப்பமும் அப்படித்தான். விருந்தாளி ஏப்பம் விடவில்லையே என்று முகம் வாடும். துணை நடிகர் ஆஸ்கர் சும்மா வரலை. அரபு வேடத்துக்காக முகத்துக்குப் பூசிய கறுப்புச் சாயம் மட்டும் இன்றைக்கு உறுத்துகிறது.

பதில் 3: 'டாம் ஜோன்ஸ்' (1963) விட்டுட்டீங்களே! ஸ்குவயர் வெஸ்டர்ன் வேடம், மறுபடி ஆஸ்கர் பரிந்துரை. பிபிசி வேல்ஸின் 'கிராண்ட் ஸ்லாம்' (1978) ரக்பி நகைச்சுவை. 1980இல் காலமானார், கடைசிக் காலத்து நடிப்பு அதில் இருக்கு.