புதுப்பிப்பு: பழைய மினியேச்சர்களில் பெயிண்ட் உரித்த கதை

தடித்தடியாய் அக்ரிலிக் பெயிண்ட் அப்பிய பழைய மினியேச்சர்களை (சின்னஞ்சிறு பொம்மை உருவங்கள்), பெயிண்ட் உரிய எதில் ஊறவைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். பிளாஸ்டிக், உலோகம், ரெசின் மூன்றும் கலந்த குவியல். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் என்றீர்கள் பலரும். அதுவே கைகொடுத்தது.

99 சதவீத ஆல்கஹால், மூடி போட்ட கண்ணாடி ஜாடி, இரவு முழுக்க ஊறல். பிறகு பழைய டூத்பிரஷால் தேய்த்தால் மேல்பூச்சு தோலாய் உரிகிறது. முகமும் கவச மடிப்புகளும்தான் பாடாய்ப்படுத்தின. அங்கே மரப் பல்குச்சி. ஸ்ப்ரே பிரைமர், அதாவது பெயிண்டுக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு, லேசில் விடாது. வெறும் கறை மிஞ்சினால் விட்டுவிடுங்கள், மேலே மறுபடி பிரைமர்தானே வரப்போகிறது.

சூப்பர் குளூ போட்ட கைகள் சில கழன்றன. நல்லதுதான், அந்த வாள் பிடித்த கோணமே எனக்குப் பிடிக்காது! பிளாஸ்டிக் சிமென்ட் இணைப்புகள் அசையவில்லை. அது பிளாஸ்டிக்கையே இளக்கி ஒட்டுவதாயிற்றே.

அசிட்டோன் பரிந்துரைத்தவருக்கு: உலோகத்துக்குச் சரி, ஆனால் பிளாஸ்டிக் மினியேச்சர்களின் பாலிஸ்டைரீனைக் கரைத்துவிடும். சில ரெசின்கள் ஆல்கஹாலிலேயே இளகும் என்பதால் அவற்றை அடிக்கடி எடுத்துப் பார்த்தேன். கையுறை, திறந்த ஜன்னல் கட்டாயம். பக்கத்தில் நெருப்பு கூடாது.

ஓர் உலோக டிராகன் மட்டும் மசியவில்லை. அக்ரிலிக் இல்லை, எண்ணெய் சார்ந்த எனாமல் பூச்சு போலிருக்கிறது. அடுத்து அதற்கு அசிட்டோன்தான்.