கேஸ் அடுப்பு நெருப்பா இல்லையா?

சுந்தரம், சாக்ரமெண்டோ:
இரண்டு நாளாக மனசு ஆறவில்லை, அதனால் எழுதுகிறேன். கோடை விடுமுறைக்குக் குழந்தைகளோடு எங்கே போகலாம் என்று கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவிலிருந்து ஒருவர் கேட்டார். அதற்கு இங்கே வந்த பதில்: "நேஷனல் பார்க்கில் பணத்தைக் கொட்டாதீர்கள், நேஷனல் ஃபாரஸ்ட்டுக்கு, அதாவது வனத்துறைக் காட்டுக்குப் போங்கள், கூடாரம் போட்டு 14 நாள் இலவசமாகத் தங்கலாம், கேஸ் அடுப்பில் சமைத்துக்கொள்ளலாம், அது நெருப்பே இல்லை, யார் அனுமதியும் வேண்டாம்." கூடாரம், 14 நாள் எல்லாம் பெரும்பாலான காடுகளில் சரிதான். ஆனால் கலிஃபோர்னியாவில் முகாம் தளத்துக்கு வெளியே தங்கினால் கேஸ் அடுப்புக்கும் கேம்ப்ஃபயர் பெர்மிட், அதாவது வெளியில் தீ மூட்ட அனுமதிச் சீட்டு வேண்டும். காசு கிடையாது, இணையத்தில் ஒரு சின்ன வீடியோ பார்த்து நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் வந்துவிடும். அதைக்கூட எடுக்காதே என்று ஊருக்கு உபதேசம் செய்தால் எப்படிச் சும்மா இருப்பது?

பாண்டியன், ஹூஸ்டன்:
அந்தப் பதில் என்னுடையது, பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். இங்கே டெக்ஸாஸில் சாம் ஹூஸ்டன் காட்டில் ஏழு வருஷமாகக் கூடாரம் போடுகிறேன், ஒருத்தரும் அடுப்புக்குச் சீட்டு கேட்டதில்லை. விறகு எரிந்தால் நெருப்பு. கேஸ் அடுப்பு திருகினால் எரியும், திருகினால் அணையும், அது அடுப்பு. டீ போட அரசாங்க அனுமதி வாங்குகிற முதல் தமிழர் நீங்கள்தான் சார், வாழ்த்துகள்.

சுந்தரம்:
கலிஃபோர்னியா என்று எழுதியிருந்ததைப் படித்தீர்களா? கேட்டவர் ஃப்ரெஸ்னோக்காரர், டீ போட டெக்ஸாஸுக்கு வருவாரா? நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஆகஸ்ட் மாதம், ஸ்டானிஸ்லாஸ் காடு. கூட வந்தவர் கீழே கிடந்த பைன் இலைகளைக் கூட்டித் தள்ளாமல் அதன் மேலேயே அடுப்பை வைத்துப் பற்றவைத்துவிட்டார். காற்று ஒரு வீச்சு வீசியதில் சுடர் பக்கவாட்டில் படுத்தது. ஊசி ஊசியாகக் கிடந்த இலைகளின் நுனி சிவந்து சுருண்டது, நான் ஓடிப்போய்க் காலால் மிதிப்பதற்குள் ஒரு தட்டு அகலத்துக்குக் கருகிவிட்டது. செருப்பின் அடிப்பாகம் உருகிவிட்டது. இது நெருப்பு இல்லையா?

கயல், போர்ட்லாந்து:
ஒரு நிமிஷம். அமெரிக்க மத்திய வனத்துறை விதியிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. சமைக்க, குளிர்காய, வெளிச்சத்துக்கு என்று வெளியில் மூட்டுகிற தீ எல்லாம் கேம்ப்ஃபயர். அழுத்தம் ஏற்றிய எரிவாயு அடுப்பில் எரிவதை 'ஸ்டவ் ஃபயர்' என்று தனியாகப் பேர் வைத்து, அதையும் கேம்ப்ஃபயரில்தான் சேர்த்திருக்கிறார்கள். அப்புறம் அனுமதிச் சீட்டு மாநிலத்துக்கு மாநிலம் மாறும், இரண்டு பேரும் வேறு வேறு ஊரைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

பாண்டியன்:
செருப்பு உருகிய கதை நன்றாக இருக்கிறது. இலை மேல் வைத்தது உங்கள் நண்பர் செய்த தப்பு, அடுப்பு என்ன செய்யும்? மறுபடி சொல்கிறேன், அடுப்பு நெருப்பு இல்லை.

இளங்கோ, சான் ஹோஸே:
சுந்தரம் அண்ணன் சொல்வதுதான் சரி. 2018-ல் காட்டுத்தீயில் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரே சாம்பலானதே, 85 பேர் செத்தார்களே, அதற்குப் பேரே கேம்ப் ஃபயர். கூடாரம் போட்டவன் அணைக்காமல் போனதால் வந்த வினை.

பாண்டியன்:
தம்பி, அது மின்கம்பியில் பிடித்த தீ. கேம்ப் க்ரீக் ரோடு பக்கம் ஆரம்பித்ததால் அந்தப் பேர். பிஜி அண்ட் இ என்ற மின்சாரக் கம்பெனி நீதிமன்றத்தில் குற்றத்தையே ஒப்புக்கொண்டது. இதுதான் உங்கள் கட்சியின் லட்சணமா?

சுந்தரம்:
இளங்கோ, உதவி செய்வதாக நினைத்து என் காலை வாராதீர்கள். உதாரணம் வேண்டுமா, நான் தருகிறேன். 2013, ரிம் ஃபயர் என்ற காட்டுத்தீ. அதே ஸ்டானிஸ்லாஸ் காட்டில் வேட்டைக்குப் போனவர் விதியை மீறி மூட்டிய தீ கை மீறிப்போனது என்று வனத்துறையே சொன்னது. 2,57,000 ஏக்கர் எரிந்து யோசெமிட்டி நேஷனல் பார்க்குக்குள்ளும் புகுந்தது.

பாண்டியன்:
அடுப்பா அது? இல்லையே! தரையில் மூட்டிய தீ. நன்றி.

சுந்தரம்:
தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால்! தீ மூட்டத் தடை போட்ட காலத்தில்கூட மூடுகிற வால்வு உள்ள அடுப்பைப் பல காடுகளில் விடுகிறார்கள், ஆனால் பெர்மிட் இருந்தால் மட்டும். ஏன் கேட்கிறார்கள்? சுற்றிலும் ஐந்தடிக்குச் சருகைக் கூட்ட வேண்டும், மண்வெட்டி வைத்திருக்க வேண்டும், ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அந்தச் சீட்டில்தான் எழுதியிருக்கிறது. அதைப் படித்திருந்தால் என் நண்பர் அன்றைக்கு அப்படிச் செய்திருக்க மாட்டார்.

பாண்டியன்:
நெருப்புக்குத் தடை, அடுப்புக்குத் தடை இல்லை. அப்படியானால் அடுப்பு நெருப்பு இல்லை என்று அரசாங்கமே சொல்கிறது, நீங்களே எழுதிக்கொடுத்துவிட்டீர்கள். மண்வெட்டியாம், டீக்கு!

சரோஜா, ஃப்ரீமாண்ட்:
இவ்வளவு சண்டை எதற்கு? புளியோதரை கட்டிக்கொண்டு போனால் அடுப்பே வேண்டாம். நல்லெண்ணெய் தாராளமாக விட்டால் மூன்று நாள் தாங்கும்.

கயல்:
ஆகஸ்ட் வெயிலில் மூன்று நாளா அம்மா? ஒன்றரை நாள். வாசனைக்குக் கரடி வேறு வரும், கரடியால் திறக்க முடியாத பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். நான் எழுதிய விதியை யாராவது படித்தீர்களா?

சரோஜா:
எங்கள் வீட்டில் ராமேஸ்வரம் போகும்போது மூன்று நாள் தாங்கியது. கரடிக்குப் புளி பிடிக்காது.

இளங்கோ:
பாண்டியன் சார், ஒரு தப்புக்கு இப்படியா பேசுவது? போன வருஷம் மலைப்பாதையில் உங்கள் கூட்டம் ஓடைக்குப் பக்கத்திலேயே பாத்திரம் கழுவி நுரை மிதக்கவிட்ட படத்தை நீங்களே போட்டீர்கள். தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளிப் போக வேண்டும் என்று அப்போது தெரியவில்லையா?

பாண்டியன்:
அது மக்கும் சோப்பு. பேச்சை மாற்றாதீர்கள்.

சுந்தரம்:
மக்கும் சோப்பாக இருந்தாலும் ஓடையில் கலக்கக் கூடாது. சரி, அதை விடுங்கள். ஃப்ரெஸ்னோ நண்பரே, இதைப் படித்தால் கிளம்புவதற்கு முன் பெர்மிட் எடுத்துவிடுங்கள், குழுவில் ஒருவர் பேரில் இருந்தால் போதும். அடுப்பும் நெருப்புதான்.

பாண்டியன்:
இல்லை.